மூன்றாவது வரி

என் மச்சான் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. என் பழியைத் தூக்கி அவன் தலையில் போடப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனபோது கிதாரை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அழுது அடம்பிடித்து வாங்கியது, ஆறே மாதத்தில் அலுத்துப்போனது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டடை படிந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மச்சான் அதை எடுத்துக் கம்பிகளை ஒரு தடவு தடவிவிட்டு, "நீங்க கத்துக்கலாமே மாமா" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். "வேணாம், வேணாம். உங்க கைக்கு ஸ்க்ரூ டிரைவர்தான் செட் ஆகும்."

என் மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

நான் தராசு பழுது பார்க்கிறவன். மளிகைக்கடை, நகைக்கடை, மீன்கடை என்று கம்பெனி வேனில் சுற்றுவேன். சோதனைக்கு வைக்கும் எடைக்கற்களை வெல்வெட் பெட்டியில்தான் வைத்திருப்பேன். கையுறை போடாமல் யாராவது தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். விரல் அழுக்குகூட எடைதான் என்று கத்துவேன். ஒரு கிராம் தள்ளிக் காட்டுகிற தராசைச் சரி பண்ணாமல் கடையை விட்டு இறங்கமாட்டேன். "இவன் வந்தா அரை நாள் வியாபாரம் படுத்துடும்" என்று கடைக்காரர்கள் என் காதுபடவே பேசுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்டவன் கிதார் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். வாத்தியார் என் ஃபோனில் இருந்தார். எப்போதும் தொப்பி போட்டிருப்பார், அதனால் எங்கள் வீட்டில் அவருக்குத் தொப்பிக்காரர் என்றே பெயர். முதல் பாட்டாக அவர் எடுத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த அந்த ஓடப்பாட்டு. யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்காத காது கிடையாது.

ஓடம் விடுற அண்ணே,
ஒரு கை தள்ளிப் போடு,
அக்கரையில ஒரு வெளக்கு
அணையாம காத்திருக்கு.

நாலே வரி. முதல் இரண்டு வரிகளுக்கு இரண்டு விரல்களை வைத்தே சமாளித்துவிடலாம். மூன்றாவது வரியில் 'அக்கரையில' என்கிற இடத்தில் மெட்டு குபுக்கென்று மேலே ஏறும். இக்கரையில் நிற்கிறவள் எக்கி நின்று பார்க்கிற மாதிரி ஒரு ஏற்றம். அந்த இடத்தில்தான் எஃப் கார்டு என்ற சனியன் உட்கார்ந்திருந்தது. கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற ஒரு பிடி. இந்த எஃப் பிடிக்கு மட்டும் ஆள்காட்டி விரலைக் கட்டைபோலப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். நான் அமுக்கினேன். கம்பிகள் செத்த எலிபோல ஒரு சத்தம்கூட இல்லாமல் கிடந்தன. கொஞ்சம் அசைத்தால் கரகரத்தன. மணிக்கட்டு வலித்தது, விரல் நுனி கன்றிப்போனது.

"எஃப் கார்டுக்குப் பயந்து யாரும் சுலபமான வழியைத் தேடாதீங்க, அப்புறம் பாட்டே மாறிப்போயிடும்" என்று தொப்பிக்காரர் சொல்லத்தான் செய்தார். வீடியோவில் அவர் அதைச் சொல்லும் இடத்தை நான் தள்ளிவிட்டுப் பார்த்தேன்.

சுலபமான வழி இருந்தது. எஃப்புக்குப் பதிலாகப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு எளிய பிடியைப் போட்டால் கை வலிக்காது. ஒரே ஒரு வித்தியாசம், மெட்டு ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிடும். இறங்கினால் இறங்கிவிட்டுப் போகட்டும், கேட்பது யார், என் பெண்டாட்டியும் பல்லியும்தானே என்று நினைத்தேன். மச்சான் அடுத்த தடவை வந்தபோது நாலு வரியையும் வாசித்துக் காட்டினேன். அவன் வாயைப் பிளந்தான். "பரவாயில்லயே மாமா" என்றான். மூன்றாவது வரி இறங்கியதை அவன் கவனிக்கவே இல்லை. அத்தோடு எஃப் கார்டைத் தலைமுழுகிவிட்டேன். வேலை முடிந்து வந்து தினமும் சாயங்காலம் அந்தப் பாட்டை என் இஷ்டத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசத் தொடங்கும் முன் ஒரு கனைப்புக் கனைப்பார், அது மாடிப்படி முழுக்கக் கேட்கும். என் மனைவி அவருக்கு 'ஹாரன்' என்று பேர் வைத்திருந்தாள். அவர் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேரை நாங்கள் சொல்வதில்லை.

சத்தம் போடாதே என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "தொந்தரவா இருக்காண்ணே? நிறுத்திடறேன்."

"ஐயோ, நிறுத்திடாதீங்க தம்பி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டியின் மேல் வைத்துக்கொண்டார். "அது அவ பாட்டு தம்பி. அடுப்படியில நின்னா அந்தப் பாட்டுதான். வேற பாட்டே தெரியாதான்னு நான் கேலி பண்ணுவேன். இப்ப சாயங்காலம் ஆனா நாற்காலியைச் சுவரோரமா இழுத்துப் போட்டு உக்காந்துக்கறேன்."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு" என்றார் அவர். "இவ்வளவு நாளா அவ பாடுறதைக் கேட்டுக் கேட்டுத்தானே நீங்க கத்துக்கிட்டீங்க?"

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அக்கா பாடுவது கேட்கும்தான். நான் வேன் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன். செய்தி காதில் விழவில்லையே என்று டிவி சத்தத்தைக் கூட்டுவேன். அக்கா பாடியதில் ஒரு வரிகூட என் காதில் ஏறியதில்லை. இல்லைண்ணே, ஃபோனில் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. கேட்டே பிடித்துக்கொள்கிற காது உள்ளவன் என்று ஒருவர் என்னை நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் மீதிப் பாதி.

அவர் சந்தோஷத்தில் மெல்ல முணுமுணுத்தார். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்கு வந்தபோது 'அக்கரையில' என்று அவர் குரல் மேலே ஏறியது. நடுங்கிக்கொண்டுதான் ஏறியது, ஆனால் சரியாக ஏறியது. சட்டென்று நிறுத்திவிட்டார்.

"இல்ல, இல்ல. நீங்க வேற மாதிரி வாசிக்கிறீங்க இல்ல? கீழ எறங்கும்."

நான் டீயைக் குடித்தேன்.

"நீங்க வாசிக்கிறதுதான் சரியா இருக்கும். எனக்கு ஹாரன் சத்தம் கேட்டுக் கேட்டே காது போச்சு. சங்கீதமெல்லாம் எனக்கென்ன தெரியும்?" என்று சிரித்துவிட்டு மறுபடி முணுமுணுத்தார். இந்தத் தடவை இறங்கினார். இறங்கிவிட்டு, "இதான், இதான்" என்று தலையாட்டினார்.

அவர் போனபிறகு என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே, "ஏங்க, அந்த அக்கா பாடுறதை நீங்க எப்பங்க கேட்டீங்க?" என்றாள்.

"சும்மா இரு" என்றேன். கோபத்தோடு சொன்னேன். யார் மேல் கோபம் என்று அவளுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் படியில், குப்பை போடுகிற இடத்தில், தண்ணீர்க் குழாயடியில் என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் மூன்றாவது வரியில் காது கொடுத்துக் கேட்பேன். ஒவ்வொரு முறையும் இறங்கினார். என் சோம்பேறி விரல் போட்ட மெட்டை ஒரு மனிதர் தன் பெண்டாட்டியின் குரலில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சத்தம் காட்டாமல் சரி பண்ணிவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். எஃப் கார்டைப் பழகி, நைசாகச் சரியான மெட்டுக்கு மாறிவிட்டால், அவருடைய காதும் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும் இல்லையா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேனுக்குள் கிதாரை வைத்துக்கொண்டு பழகினேன். வீட்டில் கம்பிகளுக்கு அடியில் துணியைச் செருகிக்கொண்டு சத்தமில்லாமல் பழகினேன். விரல் நுனித் தோல் உரிந்து, தடித்து, காய்த்துப்போனது. என் ஆபீஸில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற மெஷின் இருக்கிறது. அது என் இடது கை விரலை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. "யார் சார் நீங்க?" என்று ஆபீஸ் உதவியாளர் கேலி பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒருநாள் ஆறு கம்பிகளும் சேர்ந்து மணிபோலப் பேசின. அன்றைக்குச் சாயங்காலமே துணியை உருவிப் போட்டுவிட்டு முழுப் பாட்டையும் சரியாக வாசித்தேன். 'அக்கரையில' மேலே ஏறியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை படியில் பிடித்துக்கொண்டார். ஒரு கனைப்பு. "நேத்து மூணாவது வரியில என்னாச்சு தம்பி? கை தவறிடுச்சா?"

சொல்லியிருக்க வேண்டிய இரண்டாவது இடம் அது. வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் லேசான பதற்றம் இருந்தது, வைத்த பொருளைக் காணாமல் தேடுகிறவர் மாதிரி.

"ஆமாண்ணே. கை தவறிடுச்சு."

"அதானே பார்த்தேன்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்ல, விடுங்க. இன்னிக்கு வந்துடும்."

அன்று சாயங்காலம் பழையபடி இறங்கி வாசித்தேன்.

என் தொழிலில் இது எனக்குப் புதிதல்ல. நெடுநாளாகக் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்த தராசைச் சரி பண்ணிக் கொடுத்தால் கடைக்காரர் நம்பமாட்டார். "நீங்க கை வெச்சப்புறம்தான் சார் கெட்டுப்போச்சு, என் கைக்கே கணக்குத் தெரியும்" என்பார். அவர் கையும் அந்தத் தப்பு எடைக்கே பழகியிருக்கும். அப்போது நான் வெல்வெட் பெட்டியைத் திறந்து எடைக்கல்லை வைத்துக் காட்டி வாயை அடைப்பேன். இந்த அண்ணனுக்கு வைத்துக் காட்ட என்னிடம் எந்தக் கல்லும் இல்லை. அவர் நினைவில் கல் இருந்த இடத்தைத்தான் நான் அழித்துவிட்டேனே.

பிறகு அவர் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். வெளியூரில் நர்ஸாக வேலை. பிரசவத்துக்கு அம்மா இல்லாமல் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டு, இப்போதுதான் குழந்தையை அப்பாவிடம் காட்டக் கொண்டுவந்திருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன். சுவர் வழியாக அவள் குழந்தைக்குப் பாடுவது கேட்டது. அதே ஓடப்பாட்டு. 'அக்கரையில' என்று அவள் குரல் சுலபமாக, மூச்சு விடுவதுபோல மேலே ஏறியது. ஊசி என் விரலில் குத்தியது.

"அப்படி இல்லம்மா" என்றார் அவர்.

"எப்படி இல்ல?"

"அம்மா அந்த எடத்துல எறங்குவா."

"என்னப்பா சொல்றீங்க? அம்மா என்னைத் தூங்கவெச்ச பாட்டு இது. எனக்குத் தெரியாதா?"

"நீ கட்டிக்கிட்டுப் போய் எவ்வளவு நாளாச்சு? மறந்திருப்ப. நான் கூடவே இருந்தவன்."

"நான் மறக்கல. நீங்கதான் மறந்துட்டீங்க. அதுக்குள்ள மறந்துட்டீங்க." குரல் உடைந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் கனைக்கக்கூட மறந்து கத்தினார். "சந்தேகமா இருந்தா அடுத்த வீட்டுத் தம்பியைப் போய்க் கேளு. உங்கம்மாகிட்ட கேட்டே கத்துக்கிட்டவர்."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் செருப்பைக் கீழே வைத்தேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. "அங்கிள், அம்மா பாடினதை நீங்க கேட்டிருக்கீங்களாமே. நீங்களே சொல்லுங்க. ஃபோன்ல அம்மா படம் அவ்வளவு வெச்சிருக்கேன். பாட்டு ஒண்ணுகூட பதிவு பண்ணல. நான் ஒரு முட்டாள்." மூக்கை உறிஞ்சினாள். "அம்மா ஏறுவாங்களா, எறங்குவாங்களா?"

நான் கிதாரை எடுத்துக்கொண்டு அவளோடு அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சுவரில் அவர் தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அதைப் பார்த்தபிறகு எனக்கு உட்காரக் கூசியது. நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, நான் அக்காகிட்ட கத்துக்கல. ஃபோன்ல பார்த்துக் கத்துக்கிட்டேன். அக்கா பாடினதை நான் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதே இல்ல. அந்த எடத்துல விரல் வளையல, அதனால சுலபமா இருக்கட்டும்னு நானா எறக்கிட்டேன். பாட்டு ஏறணும். உங்க பொண்ணு பாடுறதுதான் சரி. அன்னிக்கு நீங்களும் மொதல்ல ஏறித்தான் பாடினீங்க. நான் பார்த்துக்கிட்டே சும்மா இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சரியான மெட்டை வாசித்துக் காட்டினேன். ஒரு கம்பிகூடக் கரகரக்கவில்லை. அந்த மகள் கண்ணை மூடிக்கொண்டு, "இதான்பா, இதான் அம்மா" என்றாள்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்த்துப்போன என் விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவினார்.

"பொண்ணு அழுதுடுச்சேன்னு மாத்திச் சொல்றீங்க தம்பி."

"இல்லண்ணே, சத்தியமா..."

"எனக்குத் தெரியாதா? அவளுக்காக இந்தப் புது மெட்டையும் பழகி வெச்சிருக்கீங்க பாருங்க. அன்னிக்கே ஒரு தடவை வாசிச்சுப் பார்த்தீங்களே." அவர் கண்கள் நிறைந்திருந்தன. "உங்க மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும்?"

நான் மறுபடி மறுபடி சொன்னேன். மனைவியைக்கூடச் சாட்சிக்கு இழுத்தேன். சொல்லச் சொல்ல அவர் என்னை இன்னும் நல்லவனாக்கிக்கொண்டே போனார். கடைசியில் அவர் என் கையை விட்டுவிட்டுச் சொன்னார்.

"சரி தம்பி, பாட்டு ஏறுறதாவே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணை மூடினா எனக்குக் கேக்கறது எறங்குறதுதான். அதையும் இல்லன்னு சொல்லிட்டா, எனக்கு அவ குரல்னு வேற என்ன மிச்சம் இருக்கு?"

மகள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அவள் என்னை நம்பினாள். அதை அவள் பார்வையிலேயே தெரிந்துகொண்டேன். அது கோபம்கூட இல்லை. நோயாளியின் சொந்தக்காரர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லிச் சொல்லிப் பழகிய பார்வை. "விடுங்க அங்கிள்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் நான் கிதாரோடு உட்கார்ந்தேன், வாசிக்கவில்லை. எஃப் பிடியைப் போட்டபடியே வெறுமனே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்து துணி மடிக்க ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அவர் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். 'ஓடம் விடுற அண்ணே.' மகளும் சேர்ந்துகொண்டாள். மூன்றாவது வரியில் அவர் இறங்கினார், அவள் ஏறினாள். இரண்டு குரலும் இடித்துக்கொண்டு நின்றன. குழந்தை வீறிட்டது.

குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். என் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்தாள். மூன்றாவது வரி வந்தது. 'அக்கரையில' என்று அவர் இறங்கினார். அரை மூச்சு தயங்கிவிட்டு அவளும் கூடவே இறங்கினாள். நான் என் வீட்டில் உட்கார்ந்து என் சௌகரியத்துக்குப் போட்டுக்கொண்ட இறக்கம் அது. அதில் குழந்தை தூங்கிப்போனது.